தராசு முள்ளை அசைத்த இரு கட்சிகள்

அரசியல் வரலாறு எழுதுவோர் பெருங்கட்சிகளின் வெற்றி தோல்விகளையே விரித்துரைப்பர். சிறு கட்சிகளுக்கு ஓரிரு வரிகளே கிடைக்கும். ஆயினும் தராசின் முள்ளை அசைக்கும் ஆற்றல் சில வேளைகளில் அச்சிறு கட்சிகளிடமே அமைந்துவிடுகிறது. சென்னை இராஜ்யத்தின் முதற் பொதுத் தேர்தல் இதற்குச் சான்றாகும்.

வட தமிழகத்தில் எண்ணிக்கையில் மிகுந்திருந்தும் பதவிகளில் பின்தங்கியிருந்த வன்னியர் சமூகத்தின் மனக்குறையே இரு கட்சிகளைத் தோற்றுவித்தது. தென்னார்க்காடு, சேலம் பகுதிகளில் எஸ். எஸ். இராமசாமிப் படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி வேரூன்றியது. வடஆர்க்காடு, செங்கற்பட்டுப் பகுதிகளில் எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி செல்வாக்குப் பெற்றது.

1952-ல் சட்டசபையின் மொத்த இடங்கள் 375. காங்கிரஸ் வென்றவை 152. பெரும்பான்மைக்கு வேண்டியவை 188. உழைப்பாளர் கட்சிக்கு 19 இடங்களும் காமன்வீல் கட்சிக்கு 6 இடங்களும் கிடைத்திருந்தன. நேற்றுவரை ஓரத்தில் நின்ற வேட்பாளர்களின் வாயிற்படியை இன்று பெரியோர் மிதிக்கலாயினர். ஏப்ரல் 10-ல் பதவியேற்ற இராஜாஜியின் மந்திரிசபையில் மாணிக்கவேலு நாயக்கர் இடம்பெற்றார். 1954-ல் காமராஜர் அமைத்த மந்திரிசபையில் எண்மரே இருந்தனர். அவருள் நாயக்கரும் படையாட்சியாரும் இருவர். எளிய குடியானவர் தம்மவரை அமைச்சராகக் கண்டது சிறிய பேறன்று.

ஆனால் அப்பேற்றுக்கு ஒரு விலையும் இருந்தது. இரு கட்சிகளும் காங்கிரஸில் கரைந்தன. தலைவர்களுக்கு ஆசனம் கிடைத்தது. வாக்களித்த மக்களுக்கோ தமக்கெனப் பேசும் சபை இல்லாது போயிற்று. கட்சி மறைந்தாலும் குறை மறையவில்லை என்பதை 1987-ஆம் ஆண்டின் சாலை மறியல் உணர்த்திற்று. மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத ஒதுக்கீடு 1989-ல்தான் வந்தது.

அவர்கள் பதவி ஏற்றதைக் குற்றம் என்று நாம் கூறோம். அதிகாரத்தின் அருகே செல்லாமல் எக்குறையும் தீர்வதில்லை. ஆயின் தலைவர் உள்ளே சென்றபின் வெளியே நின்று நினைவூட்டும் அமைப்பும் வேண்டும். பிறமொழி பேசுவோர் நடுவே சிறு தொகையினராய் வாழும் நமக்கு இப்பாடம் நன்கு விளங்கும். சங்கத்தின் வலிமை மேடையில் அமர்ந்தோரிடம் மட்டுமன்று, எதிரே பாயில் அமர்ந்தோரிடமும் உண்டு.