எந்த வயதில் அழைத்துச் செல்வது?

பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விடும் நாள்களில் கொங்கு நாட்டு வீடுகளில் ஒரு பேச்சு எழும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை செல்லும் சாலையில், மலையடிவாரத்தில் இருக்கும் பிளாக் தண்டருக்குப் போவதா, பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து மலம்புழைக்குப் போவதா, இன்னும் தள்ளிக் கொச்சிக்கே போய்விடுவதா என்று இடம் ஒருவாறு முடிவாகிவிடும். அதன்பின் ஒரு கேள்வி எஞ்சும். "சின்னவனையும் கூட்டீட்டுப் போலாமா, அம்மிச்சிகிட்ட உட்டுட்டுப் போலாமா?"

கேளிக்கைப் பூங்காக்கள் நமக்குப் புதியவை. கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது 1955இல்; தில்லியின் அப்பு கர் 1984இல்; கொச்சியின் வீகாலாந்து 2000இல். ஆனால் குழந்தையை எப்போது வெளியே, அதுவும் நீர் விளையாட்டுக்கு, அனுப்புவது என்ற கேள்வி இந்த மண்ணில் மிகப் பழையது. கொங்கு நாட்டின் புகழ்பெற்ற தலப்பாடல் ஒன்றின் பின்னணியிலேயே அது இருக்கிறது.

திருப்புக்கொளியூர் எனப்பட்ட அவிநாசியில் நடந்ததாகச் சேக்கிழார் சொல்லும் நிகழ்ச்சியை வாசகர்கள் அறிவர். சேரமான் பெருமாளைக் காணச் செல்லும் வழியில் சுந்தரர் அவ்வூருக்கு வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணத்தின் மங்கல ஒலி. எதிர் வீட்டில் அழுகை ஒலி. விசாரித்தபோது விவரம் தெரிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஐந்து வயதுச் சிறுவர் இருவர் குளத்தில் நீராடச் சென்றனர். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. பிழைத்தவனுக்கு இன்று பூணூல். இழந்தவர் வீட்டில் அந்த ஒலியே துயரத்தைக் கிளறுகிறது. சுந்தரர் பதிகம் பாட, கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு பிள்ளை மீண்டான் என்பது புராணம்.

அற்புதத்தை ஒரு புறம் வைத்துவிட்டு அதன் மனித நிலையை நோக்கினால் ஒன்று தெளிவாகும். இருவருக்கும் வயது ஒன்றே, குளமும் ஒன்றே. வயதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல இயலாது. இன்றைய கணக்கும் அந்த அச்சத்துக்குச் சான்றாகிறது. உலக அளவில் நீரில் மூழ்கி இறப்போரின் விகிதம் 1 முதல் 4 வயதுவரையுள்ள குழந்தைகளிடமே மிகுதி என்றும், அடுத்து 5 முதல் 9 வயதினரிடம் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

வயதைக் கொண்டு அளக்காவிட்டால் வேறு எதைக் கொண்டு அளப்பது? இதற்குப் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் ஒரு விடை வைத்திருக்கிறது. ஒட்டக்கூத்தர் 12ஆம் நூற்றாண்டில் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் பாடிய காலத்திலிருந்து நிலைபெற்ற வடிவம் இது. அதன் பத்துப் பருவங்களுக்கும் பாட்டியல் நூல்கள் திங்கள் கணக்குச் சொல்கின்றன. அக்கணக்கில் நூலுக்கு நூல் வேறுபாடும் உண்டு. ஆனால் பருவங்களின் பெயர்களைக் கவனித்தால் அவற்றுட் பல குழந்தை செய்யக்கூடிய செயல்களாகவே இருக்கக் காணலாம். தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. கை கொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வருகை. எத்தனை மாதம் என்பதைக் காட்டிலும் என்ன செய்கிறது என்பதே அளவுகோல்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் சிறுதேர். பெண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்கள் நீராடலும் ஊசலும். உருளும் வண்டி, நீர் விளையாட்டு, ஊஞ்சல்: இன்றைய கேளிக்கைப் பூங்கா விற்பது பெரும்பாலும் இம்மூன்றையே. நம் புலவர்கள் இவற்றைக் கடைசியில் வைத்தார்கள். நடை உறுதிப்பட்டு, பேச்சு வந்து, மறுக்கத் தெரிந்த பின்னரே ஊசலும் நீரும் வருகின்றன.

கொங்கு நாட்டு வழக்கமும் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் அமைந்திருந்தது. குழந்தையின் முதல் பயணம் குலதெய்வக் கோயிலுக்கு. முடியிறக்கவும் காது குத்தவும். ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படை வயது பார்ப்பார்கள். அங்கே குழந்தை தாய்மாமன் மடியில் இருக்கும். அது பெரியவர்களின் விழா. குழந்தைக்கு அதில் அழுகையைத் தவிர வேறு பங்கு இல்லை. அடுத்தது தேர்த்திருவிழா, அங்கே அப்பாவின் தோள். தன் காலால் நடந்து, காசைத் தன் கையில் வைத்துக்கொண்டு ராட்டினம் ஏறுவது அதற்கும் பிறகு. ஆடி மாதத்து அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்கு மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் பார்க்கப் போகும் குடும்பங்களில் மடி, தோள், கால் ஆகிய மூன்று நிலைகளிலும் பிள்ளைகளைக் காணலாம்.

பயணம் விலைக்கு வந்தபோது அளவுகோல் மாறியது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும் உதகைக்கு 1908இலும் மலை ரயில் ஓடத் தொடங்கியது. ரயிலுக்குத் தேவை வயது: ஐந்துக்குள் இலவசம், பன்னிரண்டு வரை அரை டிக்கெட். அந்த அரை டிக்கெட்டுக்கும் 2016இல் ஒரு வரம்பு வந்தது. தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். தமிழக அரசுப் பேருந்தில் மூன்று வயது என்றிருந்த இலவச எல்லை ஐந்தாக உயர்த்தப்படும் என 2022இல் அறிவிப்பு வந்தது. இவை இருக்கையின் கணக்குகள். குழந்தையின் கணக்குகள் அல்ல.

கேளிக்கைப் பூங்கா வயதையும் விட்டுவிட்டு உயரத்தைப் பிடித்துக்கொண்டது. வாசலில் வரையப்பட்ட அளவுகோட்டின் அருகே பிள்ளையை நிறுத்துவார்கள். இதில் நியாயம் உண்டு. சுழலும் இருக்கையின் தடுப்புக் கம்பி குறிப்பிட்ட அளவு உடலுக்கென்றே செய்யப்பட்டது. சிறிய உடல் அதனடியில் நழுவக்கூடும். ஆகவே அந்தக் கோட்டைக் குதிகால் உயர்த்தி ஏமாற்றுவது பிள்ளையின் உயிரோடு விளையாடுவதாகும். எனினும் உடல் பொருந்துமா என்பதை மட்டுமே அக்கோடு சொல்லும். இருட்டுக் குகைக்குள் பிள்ளை நடுங்குமா, கூட்டத்தில் கை நழுவினால் தன் ஊர் பெயரைச் சொல்லுமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

நினைவைப் பற்றியும் சொல்ல வேண்டும். "இப்போதே பார்த்துவிட்டால் காலமெல்லாம் நினைவிருக்கும்" என்பது பெற்றோர் வழக்கமாகச் சொல்லும் நியாயம். பெரியவர்களிடம் கேட்டால் அவர்களது முதல் நினைவு பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதுக்கு முன் செல்வதில்லை. அமெரிக்க உளவியலாளர் பாட்ரிசியா பாயர் மூன்று வயதுக் குழந்தைகளிடம் அண்மை நிகழ்ச்சிகளைக் கேட்டுப் பதிந்துவைத்துப் பின்னர் மீண்டும் கேட்டார். ஏழு வயதுவரை அவர்கள் பெரும்பகுதியை நினைவில் வைத்திருந்தனர். எட்டு, ஒன்பதில் வெகுவாக மறந்திருந்தனர். ஆகவே மூன்று வயதில் செய்யும் பயணம் பெற்றோரின் ஒளிப்படத் தொகுப்புக்கே மிஞ்சும். அதில் தவறில்லை, ஆனால் அது யாருடைய விடுமுறை என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்வது நல்லது.

நம் முடிவு இது. சப்பாணி கொட்டும் குழந்தைக்கு ஊர்த் தேரும் ஊஞ்சலும் போதும். அதற்காகச் சீட்டு வாங்கி அரை நாள் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. தன் காலால் நாள் முழுவதும் நடந்து, "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்து, இரவில் அம்மிச்சியிடம் நடந்ததை வரிசையாகக் கதை சொல்லும் வயதே தக்க வயது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது ஆறு, ஏழில் வரும். சிலருக்கு முன்பே வரலாம்; சிலருக்குத் தாமதமாகலாம். எந்த வயதாயினும் நீர் இருக்குமிடத்தில் பெரியவர் ஒருவரின் கண் பிள்ளையை விட்டு அகலக்கூடாது. அவிநாசிக் குளக்கரையில் ஒரு தாய்க்குக் கிடைத்தது அற்புதம். அதை நம்பி நாம் பிள்ளைகளை அனுப்ப முடியாது.