12 வருசம் ஒரே இடத்தில்

போன ஆவணியில் கனடாவிலிருந்து வந்த மாமா, கிளிநொச்சியில் எங்கட வீட்டு விறாந்தையில் இரண்டு போத்தல்களை வைத்தார். ஒன்று செரி பீப்பாவில் முடித்த விஸ்கி, மற்றது போர்ட் பீப்பாவில் முடித்தது. அப்பப்பா தன்ரை பங்குக்கு ஒரு தென்னஞ்சாராயப் போத்தலைக் கொண்டுவந்தார். மூன்றையும் சின்னக் கிளாசுகளில் ஊற்றி மணந்து பார்த்தோம். செரியில் காய்ந்த முந்திரிகை வாசம். போர்ட்டில் ஜாம் மாதிரி ஒன்று. சாராயத்தில் முதலில் கருப்பட்டி, பிறகு தொண்டையில் சூடு.

"இது 12 வருசம் பீப்பாக்குள்ள கிடந்தது, தம்பி" என்றார் மாமா.

அப்பப்பா சிரித்தார். "12 வருசம் ஒரே இடத்திலயோ? குடுத்து வைச்ச சாமான்."

அந்தப் பகிடி மண்டைக்குள்ளேயே நின்றது. அதிலிருந்து வந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் 'முடித்தல்' என்றால் என்ன? அமெரிக்க பேர்பன் விஸ்கியைப் புதிதாகச் செய்து, உள்ளே கருக்கிய ஓக் பீப்பாவில்தான் வைக்கவேண்டும் என்பது அங்கத்தைய சட்டம். ஒருமுறை பாவித்த பீப்பா அவர்களுக்குத் திரும்ப உதவாது. ஸ்கொட்லாந்துக்காரர் அதை வாங்கித் தங்கட விஸ்கியை ஊறவைக்கிறார்கள். கடைசி சில மாதங்களுக்கோ, ஓரிரு வருடங்களுக்கோ வேறு பீப்பாவுக்கு மாற்றினால், அதில் முன்பு இருந்த மதுவின் வாசம் ஏறும். அதுதான் முடித்தல்.

இது சிக்கனத்தில் பிறந்த ருசி. ஸ்பெயினின் செரி மது ஒரு காலத்தில் பீப்பாவிலேயே பிரித்தானியாவுக்கு வந்தது. வெறும் பீப்பாவை வீசாமல் விஸ்கியை ஊற்றினார்கள். 1980களில் செரியை ஸ்பெயினிலேயே போத்தலில் அடைக்கும் முறை வந்ததும் அந்தப் பீப்பாக்கள் அருகிப் போயின. இப்போது விஸ்கிக்காகவே பீப்பாவில் செரியை ஊற்றிப் பழக்கி அனுப்புகிறார்கள். ஜப்பானியரும் போர்க்காலத்தில் வெளிநாட்டுப் பீப்பா கிடைக்காமல்தான் உள்ளூர் மிசுனாரா ஓக்கைத் தொட்டார்கள். இன்று அதற்குத்தான் விலை கூட.

ஸ்கொட்லாந்தின் 2009ஆம் ஆண்டு விதிகள் கறாரானவை: ஓக் மரம் மட்டும், 700 லீற்றருக்கு மேற்படாத பீப்பா, குறைந்தது 3 வருடம். 2019இல்தான் டக்கீலா போன்றவை இருந்த பீப்பாக்களுக்கும் கதவு திறந்தது. ஆனால் மரம் ஓக்காகவே இருக்கவேண்டும். ஆகவே எங்கட மரத்துக்கு அங்கே இடமில்லை.

எங்கட மரமா? ஓம். இலங்கைச் சாராயம் ஊறுவது ஹல்மில்ல மரத்தொட்டிகளில். தமிழில் சாவண்டலை. வடக்கு, கிழக்கின் உலர்வலயக் காடுகளில் வளர்கிற மரம். ஆங்கிலேய வியாபாரிகள் அதைத் 'திருகோணமலை மரம்' என்றே அழைத்தார்கள். சென்னைக் கரையில் அலை கடக்கிற மசூலாப் படகுகளுக்கும் அதைப் பாவித்தார்கள். ஓக்குக்குக் கிடைத்த புகழ் அதற்குக் கிடைக்கவில்லை. சாராயப் போத்தலில் கம்பனியின் பெயர் இருக்கும். மரம் எந்தக் காட்டில் நின்றது என்று இருக்காது.

சொற்களைப் பாருங்கள். 'பீப்பா' போர்த்துக்கேயரின் 'பீப்பா'விலிருந்து வந்தது. போர்ட் மது ஊறுகிற பீப்பாவுக்கு அவர்கள் இன்றும் சொல்கிற பெயரும் அதுதான். 'தவறணை'யும் அவர்களின் 'தவெர்னா'. ஆங்கிலத்தின் 'அரக்' அரபுச் சொல். அதன் பொருள் வியர்வை. வடிகலனில் துளிர்க்கும் துளியைப் பார்த்து வைத்த பெயராம். எனக்கு மரத்தில் ஏறுகிறவரின் முதுகுதான் நினைவுக்கு வருகிறது.

அந்த ஆளைப் பற்றித்தான் சரித்திரம் குறைவாகப் பேசுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் சாராயம் விற்கும் உரிமையை ஏலம் விட்டார்கள். அந்தக் குத்தகையில் தென்னிலங்கையில் சில குடும்பங்கள் பெரும் முதலாளிகளாகின. 1912இல் மதுவரிச் சட்டம் வந்தது. சீவல் தொழிலாளிக்குக் கிடைத்தது தளநாரும் பாளைக்கத்தியும், அதோடு சாதி சொல்லி ஒதுக்கிவைத்த பார்வையும். அவர் இறக்கிய கள்ளைப் பிளாவில் வாங்கிக் குடித்த ஆட்களே அவரை வீட்டுப் படலைக்கு வெளியே நிறுத்தினார்கள். 1970களில் உருவான கூட்டுறவுச் சங்கங்கள் தொழிலாளியின் கையில் கொஞ்சம் அதிகாரத்தைக் கொடுத்தன. வடமராட்சியில் திக்கம் வடிசாலை பனங்கள்ளில் சாராயம் வடித்தது.

இனி அப்பப்பாவின் பகிடிக்கு வருவோம். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. பெருந்தொகையானோர் வன்னிக்கு வந்தார்கள். 1996இல் கிளிநொச்சி இராணுவத்திடம் போனது. 1998இல் புலிகளிடம் திரும்பியது. 2009 ஜனவரியில் மறுபடி கைமாறியது. மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. அடுத்தடுத்து வருகிற எந்த இரண்டு திகதிகளுக்கு நடுவிலும் 12 வருடம் இல்லை. ஒரு பீப்பாவை நிரப்பி மூடி, "12 வருசம் கழித்து வாறன்" என்று சொல்லிவிட்டுப் போக இந்த மண்ணில் ஒருவருக்கும் வழி இருக்கவில்லை.

பனைகளுக்கும் அதே கதி. பல ஷெல்லடியில் தலை இழந்தன. இன்னும் பல, பதுங்குகுழிக்குக் குற்றிகளாகின. விதைத்த பனை சீவலுக்கு வர 15, 20 வருடமாகும். 2009க்குப் பிறகு நட்டவை இப்போதுதான் தலை நிமிர்த்துகின்றன.

இது குடிக்கு வக்காலத்து இல்லை. போருக்குப் பிறகு குடி எத்தனை வீடுகளைச் சாப்பிட்டது என்று உங்கட ஒழுங்கையில் இருக்கிற எந்த அம்மாவிடமும் கேட்கலாம். எங்கட அம்மாவும் அன்றைக்கு அந்த விறாந்தைப் பக்கமே வரவில்லை. அவசரமாய்க் காய்ச்சி அவசரமாய் விற்கிற கசிப்புக்கும், வருடக்கணக்காய் ஊறுகிற சாராயத்துக்கும் நடுவில் இருப்பது ருசி வித்தியாசம் மட்டுமில்லை. நாளை என்ன நடக்குமென்று தெரியாதவன் எதையும் ஊறவைக்கமாட்டான்.

ஒருநாள் வன்னிப் பனங்கள்ளில் வடித்து, சாவண்டலையில் ஊறிய ஒரு போத்தல் கடைக்கு வரலாம். அப்போது அதில் எத்தனை வருடம் என்பதோடு, யார் ஏறிய பனை, எந்தக் காட்டு மரம் என்பதையும் எழுதட்டும். சீவினவருக்கு அந்த விலையில் பங்கு எவ்வளவு என்பதையும் நாங்கள் கேட்கவேண்டும்.

மாமா போகும்போது மிச்ச விஸ்கியை அப்பப்பாவிடம் கொடுத்தார். அவர் அதைத் திறக்கவில்லை. அலுமாரிக்குள் வைத்திருக்கிறார். "கிடக்கட்டும்" என்கிறார்.