பட்டுநூலும் பட்டுத்திரையும்

1859 ஆம் ஆண்டில் யப்பான் தேசம் யோக்கோகாமாத் துறையைப் பிறநாட்டு வர்த்தகருக்குத் திறந்துவிட்டது. அதுவரை அது மீன்பிடிகாரர் வாழ்ந்த ஒரு சிற்றூர். அங்கு வந்திறங்கிய ஐரோப்பியர் யாவற்றிலும் மேலாக விரும்பிக் கேட்ட பண்டம் பட்டுநூலாகும். பிரான்சிலும் இத்தாலியிலும் பட்டுப்புழுக்களைக் கொள்ளைநோய் ஒன்று பற்றி அழித்துக்கொண்டிருந்த காலம் அது. லியோன் நகரத்துத் தறிகள் நூலின்றி நின்றன. நோயற்ற புழுமுட்டைகளையும் நூலையும் எங்கிருந்தாயினும் பெற்றாக வேண்டும் என்ற நிலை. யப்பானியக் குடியானவர் வீடுகளில் எடுக்கப்பட்ட நூலுக்கு அவர்கள் கனவிலும் கண்டிராத விலை கிடைத்தது. விலை ஏற ஏறத் தரம் இறங்கிற்று. ஓரிடத்தில் தடித்தும் மற்றோரிடத்தில் மெலிந்தும் இருந்த நூலை அந்நிய வணிகர் திருப்பியனுப்பத் தொடங்கினர். புதிதாகப் பதவிக்கு வந்திருந்த மெய்சி அரசாங்கத்துக்கு இதுவே பெருங்கவலையாயிற்று. கப்பலும் இயந்திரமும் வாங்குவதற்கு வேண்டிய பணம் அந்த நூலில் அல்லவா தொங்கிக்கொண்டிருந்தது!

பட்டிலிருந்து நூலெடுப்பது பருத்தியை நூற்பது போன்றதன்று. புழு தானே நூற்று வைத்த இழையை அறாமல் அவிழ்ப்பதே அங்குள்ள வேலை. கூடுகளைக் கொதிநீரில் இட்டால் இழைகளைப் பிணைத்திருக்கும் பசை இளகும். இழையின் தலைப்பைத் தேடிப் பிடித்து, நாலைந்து கூடுகளின் இழைகளை ஒன்றாக்கிச் சக்கரத்தில் சுற்றவேண்டும். ஒரு கூட்டின் இழை முடிவை அணுக அணுக மெலிந்துகொண்டே போகும். அது முடியும் கணத்தை அறிந்து வேறொரு கூட்டின் தலைப்பை அவ்விடத்தில் சேர்த்துவிட வேண்டும். சற்றுப் பிந்தினால் நூல் மெலியும், முந்தினால் தடிக்கும். இதனைக் கண்டறியக் கருவி கிடையாது. சுடுநீரில் தோய்ந்து வெந்து வெளுத்த விரல்நுனிகளே கருவி.

இவ்வேலையை ஐரோப்பிய முறையிற் கற்பிப்பதற்கென அரசாங்கமே ஒரு மாதிரி ஆலையை நிறுவிற்று. குன்மா மாகாணத்தைச் சேர்ந்த தொமியோக்கா என்ற ஊரில், பிரெஞ்சுக்காரரான போல் புறுனா என்பவரின் மேற்பார்வையில் எழுந்த அவ்வாலை 1872 ஒக்டோபரில் வேலை தொடங்கியது. அதில் 300 கொதிநீர்த் தொட்டிகள் இருந்தன. ஆனால், அவற்றின் முன் அமர்வதற்குத்தான் பெண்கள் வரவில்லை. அந்நியர் அருந்திய செந்நிற மதுவைக் கண்ட ஊரார், அவர்கள் கன்னியரின் இரத்தத்தைக் குடிக்கிறார்கள் என்று நம்பிவிட்டனர். ஆலையின் முதல் தலைவரான ஒடாக்கா அத்சுத்தாதா என்ன வாதாடியும் பயன் காணாது, ஈற்றில் தம் சொந்த மகளையே முதல் தொழிலாளியாகச் சேர்த்தார். அதன்பின்னரே ஏனையோர் துணிந்தனர். 1873 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 400 பெண்கள் அங்கிருந்தனர்.

அவர்களிற் பலர் வறியவர் அல்லர். முன்னாட் போர்வீரர் குடும்பங்களின் புதல்வியரும் இருந்தனர். மத்சுசிரோ என்னும் ஊரிலிருந்து 1873 இல் வந்த யோக்கோத்தா எய் அவ்வாறான ஒருத்தி. அப்போது அவளுக்கு வயது பதினைந்து. பிற்காலத்தில் வாடா எய் என்னும் பெயருடன் அவர் எழுதி வைத்த நினைவுக்குறிப்புகளால் அவ்வாலையின் உள்வாழ்க்கை இன்றும் தெரியவருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, நாளொன்றுக்குச் சராசரி எட்டு மணிக்கும் குறைந்த வேலை, நோயுற்றால் வைத்தியர். தேர்ச்சிக்கேற்ப முதலாந் தரம், இரண்டாந் தரம் என்று உயர்வதே அப்பெண்களின் பேரவா. அவர்கள் கூலியாட்களாக அன்றி, ஊர் திரும்பிப் பிறருக்குக் கற்பிக்கப்போகும் ஆசிரியைகளாகவே மதிக்கப்பட்டனர். எய் 1874 இல் தன்னூர் திரும்பி, அங்கே புதிதாக அமைந்த ஆலையிற் பயிற்றுநராகவும் ஆனாள்.

கற்பித்தல் வெற்றிபெற்றது. கற்றவர் மிகுந்தபோதோ கற்றவர்க்கிருந்த மதிப்புக் குறைந்தது. நகானோ மாகாணத்துச் சுவா ஏரிக்கரையில் உள்ள ஒக்காயாவில் ஆலைகள் பெருகின. தொமியோக்காவின் விலையுயர்ந்த உலோகத் தொட்டிகளுக்குப் பதிலாக அங்கு மலிவான மட்பாண்டத் தொட்டிகள் வந்தன. தொட்டி மலிந்ததுபோல் ஆளும் மலிய வேண்டும் என்று முதலாளிமார் கருதினர் போலும். ஹிதா மலைநாட்டு ஏழைக் குடும்பங்களுக்கு முற்பணம் கொடுத்து, பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமியரை ஒப்பந்தம் செய்தார்கள். அவர்கள் 1,672 மீற்றர் உயரமுள்ள நொமுகிக் கணவாயை உறைபனியிற் கால்நடையாகக் கடந்தே வேலைக்கு வந்தனர். பதின்மூன்று, பதினான்கு மணிநேர வேலை சாதாரணமாயிற்று. காசநோயோடு வீடு திரும்பியோர் பலர்.

அங்கு வழங்கிய வேதனமுறை தனியே நோக்கத்தக்கது. ஒவ்வொருத்தி எடுத்த நூலின் அளவும், சீரும், பளபளப்பும் நாடோறும் சோதிக்கப்பட்டன. ஆயினும் சம்பளத்துக்கென ஒதுக்கிய மொத்தத் தொகை மாறாது. ஒருத்தி சராசரிக்கு மேற்பட்டால் அவளுக்குக் கூடும் பணம், சராசரிக்குக் கீழ்ப்பட்ட இன்னொருத்தியின் கூலியிலிருந்து கழிக்கப்படும். எல்லாருமே முன்னிலும் திறமையாக வேலை செய்தாலும் எல்லாருக்கும் கூலி உயராது. அருகில் இருக்கும் தோழியையே எதிராளியாக்கிய இம்முறையைப் போல, சவுக்கின்றி வேலை வாங்கும் உபாயம் பிறிதொன்று இருத்தல் அரிது.

எனினும், அப்பெண்கள் வாய்திறவாது இருந்துவிட்டார்கள் எனக் கருதுதல் தவறு. 1886 யூன் மாதத்தில் கோபு நகரத்து அமேமியா ஆலையில், ஆலைக்காரர் சங்கம் வேலைநேரத்தைக் கூட்டிக் கூலியைக் குறைத்தபோது, நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் வெளியேறி ஒரு கோயிலிற் கூடினர். யப்பானிய ஆலைத்தொழிலாளரின் முதலாவது வேலைநிறுத்தம் அதுவே என்பர். முதலாளி இறங்கி வந்தார். 1911 இல் இயற்றப்பட்டு 1916 இல் நடைமுறைக்கு வந்த தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்கு நாளுக்குப் பன்னிரண்டு மணி என வரையறுத்தது. ஆயினும் பட்டாலைகளுக்குச் சில ஆண்டுகள் அதனினும் நீண்ட நேரம் அனுமதித்தது. 1927 இல் ஒக்காயாவில் சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தபோது சமையற்கூடமும் விடுதியும் மூடப்பட்டன. அப்போராட்டம் தோற்றது. இதற்கிடையில் 1909 அளவில் யப்பான் சீனத்தை விஞ்சி, உலகில் மிகுதியான பட்டுநூலை ஏற்றுமதி செய்யும் நாடாகியிருந்தது. அதிற் பெரும்பகுதியை வாங்கிய அமெரிக்கா பிற்காலத்தில் அதனைக் காலுறைகளாக்கியது.

இந்நூல் முழுவதும் நிறமின்றியே கப்பலேறிற்று. நிறமேற்றுவது வேறு கைகளின் வேலை. அக்கைகளின் கதைக்கு இசே நாட்டுச் சிரோகோ என்னும் ஊருக்குப் போகவேண்டும். அங்குள்ளோர் பட்டைநாரினாற் செய்த கடதாசிகளைப் பன்மடிப்பாகக் துவர்ப்புள்ள பழச்சாற்றால் ஒட்டிப் புகையூட்டி, அத்தாளிற் சித்திரம் வெட்டுவதையே தலைமுறைத் தொழிலாகக் கொண்டவர்கள். வெட்டிய தாளைத் துணிமேல் வைத்துப் பசையை வழித்தால், பசை படிந்த இடத்திற் சாயம் ஏறாது. இழைபோன்ற நுண்ணிய கோடுகளை வெட்டினால் தாள் நிலைகுலையும். ஆகவே தாளை இரண்டாகப் பிரித்து இடையிற் பட்டிழைகளைக் குறுக்கும் நெடுக்கும் பரப்பி மீண்டும் ஒட்டினர். இவ்விழைகளை அமைப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. 1920 களில் இழைகளுக்குப் பதிலாக மெல்லிய பட்டுவலையையே தாளோடு அரக்குப்பூச்சால் ஒட்டும் வழக்கம் பரவியது.

பட்டுவலை சித்திரத்தைத் தாங்கும் என்பதை மேனாட்டாரும் கண்டுகொண்டனர். 1907 இல் மஞ்செஸ்ரரைச் சேர்ந்த சாமுவேல் சைமன், சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டுவலை வழியாக அச்சிடும் முறைக்கு உரிமம் பெற்றார். சுவிற்சர்லாந்தில் மா அரிப்பதற்கென நெய்த பட்டுத்துணி இவ்வேலைக்குப் பெரிதும் பொருந்திற்று. முதலில் விளம்பரப் பலகைகளிலும் கொடிகளிலும் பயன்பட்ட இத்திரையச்சு, பின்னர் லியோன் நகரத்திற் பட்டாடைக்கு வந்தது. யப்பானிலும் அது வேரூன்றிற்று. பட்டுநூலின் துறைமுகமான யோக்கோகாமாவே அதன் முக்கிய நிலையங்களுள் ஒன்றாயிற்று. நூலை நூலாகவே விற்ற நகரம், அதனைக் கழுத்துக்குட்டையாக்கி அச்சிட்டு விற்கத் தலைப்பட்டது.

அங்கு ஒரு குட்டை முடிவதற்குப் பல தொழிலாளர் வேண்டும். சித்திரக்காரர் வரைந்த படத்தை நிறத்துக்கொன்றாகப் பிரித்துப் படியெடுப்பவர் ஒருவர். பத்து நிறமெனில் பத்துத் திரை. ஓவியரின் தூரிகை தயங்கிய இடத்தைக்கூட உணர்ந்து படியெடுப்பவரே நல்ல வேலையாள் எனப்பட்டார். சாயப்பசை கூட்டுபவர் அன்றைய வெப்பத்தையும் ஈரத்தையும் பார்த்தே அதன் பதத்தைத் தீர்மானிப்பார். அச்சிடுபவர் நீண்ட மேசையில் ஒட்டிய பட்டின்மேல் திரையை வைத்து, இறப்பர் விளிம்புள்ள பலகையால் பசையை ஒரே அழுத்தத்தில் இழுப்பார். மயிரிழை விலகினாலும் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். பின்னர் நீராவியில் வேகவைத்து, அயலிலுள்ள ஆறுகளில் அலசுவர். கடைசியாகக் குட்டையின் ஓரத்தைச் சுருட்டி ஊசியால் தைப்பவர்கள், வீட்டிலிருந்தே கூலிக்கு வேலை செய்த பெண்கள். இவ்வளவு கைகளிற் குட்டைக்குப் பெயர் வந்தபோது பெயர் பெறாதவர்களும் அவர்களே.

நூலெடுத்த பெண்ணுக்கும் அச்சிட்டவருக்கும் வேலையின் நுட்பத்திற் பெரிய வேறுபாடு இல்லை. முன்னவள் எடுத்த நூல் ஆயிரம் பேர் எடுத்த நூலோடு கலந்து எடையில் விற்கப்பட்டது. பின்னவரின் வேலை வாங்குபவரின் கண்முன் தெரிந்தது. கூலியைப் பேசுவதற்கு அவருக்கு அஃதொரு பிடியாயிற்று.

பட்டுநூலின் வீழ்ச்சி விரைவில் நேர்ந்தது. 1929 இன் பொருளாதார மந்தத்தில் விலை சரிந்தது. 1940 மே மாதத்தில் அமெரிக்கக் கடைகளுக்கு நைலோன் காலுறை வந்தது. திரையச்சிலும் பட்டு நிலைக்கவில்லை. நீரில் தளராத பொலியெஸ்ரர் வலை சட்டத்தில் ஏறியது. 1963 இல் ஒல்லாந்து நிறுவனமொன்று உருளைத் திரை இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்தபின், கையால் பலகை இழுப்பவரின் தேவையும் சுருங்கிற்று. கலைஞர் திரையச்சுக்கு வழங்கும் 'செரிகிராபி' என்னும் பெயரில் மட்டும் பட்டைக் குறிக்கும் பழஞ்சொல் எஞ்சியுள்ளது.

தொமியோக்கா ஆலை 1893 இல் தனியார் கைக்கு மாறி, 1987 இல் மூடப்பட்டு, 2014 இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. கடைசியாக ஓடிய தானியங்கி இயந்திரங்கள் நீண்ட மண்டபத்தில் அப்படியே வரிசையாக நிற்கின்றன. பார்க்க வருவோருக்காகப் பழைய முறைத் தொட்டியொன்றில் நீரைச் சுடவைத்து, கூட்டிலிருந்து இழையின் தலைப்பைப் பிடிக்கும் விதம் காட்டப்படுகிறது.