அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்?



கொரோனாக் காலத்தில் முள் முளைத்த அந்தப் பந்தின் படம் ஹாலிஎலயில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடப் பழகிப்போனது. அந்த முள் ஒவ்வொன்றும் ஒரு புரதம். கெமராவால் அதை அப்படி எடுக்க முடியாது. அதன் அணுக்கள் இருக்கும் இடங்களைக் கணினியில் இட்டு, மேலே தோல் போர்த்தியதுபோல வரைகிறார்கள். இந்தத் தோலுக்கு மூலக்கூற்று மேற்பரப்பு என்று பெயர்.

தோலை எங்கே போர்த்துவது? அதற்கு முதலில், அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கலாம் என்று தெரிய வேண்டும். இதைத் தீர ஆராய்ந்தவர் நமக்குப் பக்கத்தில், மதராஸில் இருந்தார்.

1952இல் மதராஸ் பல்கலைக்கழகத்துக்குப் பௌதிகவியல் பேராசிரியராக வந்த ஜி. என். ராமச்சந்திரன், கொலாஜன் என்ற புரதத்தை ஆராய்ந்தார். நம் தோலிலும் எலும்பிலும் இருப்பது அது. ஹலாலா என்று நாம் விசாரிக்கும் ஜெலட்டினும் அதிலிருந்து எடுப்பதுதான். மூன்று இழைகள் கயிறுபோல முறுக்கிய அமைப்பு அதற்கு உண்டென்று 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அவர் எழுதினார். பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் மறுப்புச் சொன்னார்கள். சில அணுக்கள் அளவுக்கு மிஞ்சி நெருங்கி நிற்கின்றன என்பது அவர்களுடைய குறை.

ராமச்சந்திரன் வாதத்தோடு நிற்கவில்லை. அதுவரை அளக்கப்பட்டிருந்த பளிங்குகளில் அணுக்கள் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று தேடிப் பார்த்தார். அதன் பயனாக 1963இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்ட வரைபடம் இன்று உலகமெங்கும் 'ராமச்சந்திரன் வரைபடம்' எனப்படுகிறது. புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டவர்கள் அதை இன்றும் இந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

1971இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லீ, ரிச்சர்ட்ஸ் இருவரும் இன்னொன்றைக் கேட்டார்கள்: புரதத்தைத் தண்ணீர் எங்கெல்லாம் தொடும்? தோடம்பழங்களைக் குவித்து, மேலே ஒரு போளையை உருட்டிப் பாருங்கள். இடுக்குகளுக்குள் அது போகாது. புரதத்தின் மேல் உருட்டும் போளை ஒரு தண்ணீர் மூலக்கூறு. அதன் ஆரை 1.4 ஆங்ஸ்ட்ரோம். ஓர் ஆங்ஸ்ட்ரோம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.

பைமோல், கைமேரா எக்ஸ் போன்ற மென்பொருள்கள் இன்றும் இந்தப் போளையைத்தான் உருட்டுகின்றன. போளையைப் பெரிதாக்கினால் சின்னக் குழிகள் மூடிப்போகும். பல மருந்துகள் போய்ப் பொருந்துவது அந்தக் குழிகளில்தான். ஆகவே படத்தைப் பார்க்குமுன் போளையின் அளவைக் கேட்க வேண்டும். மேற்பரப்பில் பெரும்பாலும் சிவப்பு மறை ஏற்றத்தையும் நீலம் நேர் ஏற்றத்தையும் காட்டும்.

அதே 1971இல் 7 அமைப்புகளோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இன்று இரண்டு இலட்சத்துக்கும் மேல் உள்ளன. காசு கேட்பதில்லை, கையிலுள்ள போனிலேயே திறக்கலாம். உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இன்றிரவு சேர்ந்திருந்து இன்சுலினைத் தேடித் திருப்பிப் பாருங்கள். தண்ணீர் எங்கே போகாது என்று பிள்ளையிடம் கேளுங்கள்.