மானிப்பாய்ப் பாட்டுப் புத்தகமும் மவுத் ஓர்கனும்

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அச்சிட்ட பாட்டுப் புத்தகத்தின் கதை அமெரிக்க மிசனின் அச்சுக்கூடத்தோடு தொடங்குகிறது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த மிசனரிமாருக்கு அச்சுக்கூடம் வைக்க நெடுங்காலம் அனுமதி கிடைக்கவில்லை. அச்சுத் தொழிலுக்கென்றே 1820இல் வந்த ஜேம்ஸ் கரெட்டை அன்று ஆளுநர் பொறுப்பிலிருந்த எட்வேட் பாண்ஸ் இலங்கைத் தீவில் தங்கவே விடவில்லை. 1834இல் அச்சாளர் ஈஸ்ற்மன் மைனர் வந்த பிறகுதான் மானிப்பாயில் அச்சு ஓடத் தொடங்கியது. 1841இல் வந்த உதயதாரகைப் பத்திரிகையும் 1842இன் மானிப்பாய் அகராதியும் அந்த அச்சின் பெயரை நிலைநிறுத்தின. பாடநூல், துண்டுப்பிரசுரம் ஆகியவற்றுக்கிடையே சபையில் பாடுவதற்கான ஞானப்பாட்டுகளும் அச்சேறின.

அந்த ஞானப்பாட்டுகளில் பெரும்பாலானவை ஆங்கிலப் பாட்டின் அசைக்கணக்குக்குள் தமிழை அடக்க முயன்ற மொழிபெயர்ப்புகள். மெட்டு மேல்நாட்டுடையது, தமிழ்ச் செவிக்கு ஒட்டவில்லை. மறுபுறம் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கர்நாடக இசை அமைப்பிலேயே கிறிஸ்தவக் கீர்த்தனைகளைப் பாடிவைத்திருந்தார். மதுரையிலிருந்த அமெரிக்க மிசனைச் சேர்ந்த எட்வேட் வெப் 1853இல் அவருடைய பாட்டுகளைப் பெரிதும் தழுவி ஒரு கீர்த்தனைத் தொகுதியை வெளியிட்டார். யாழ்ப்பாணத்து மிசனும் மதுரை மிசனும் ஒரே அமெரிக்கத் தலைமையின் கீழ் இருந்தவை. காலப்போக்கில் ஞானப்பாட்டும் கீர்த்தனையும் சேர்ந்து ஒவ்வொரு கிறிஸ்தவ வீட்டின் பாட்டுப் புத்தகமாயின. கீர்த்தனைகளின் தலைப்பில் இராகம், தாளம் ஆகியவற்றின் பெயர் மட்டும் இருக்கும், சுரம் இராது. பாட்டைக் கேட்டுப் பழகியவர் கையில் வைத்துக்கொள்ளும் நூல் அது.

சைவர் பக்கத்திலும் வழக்கம் இதுவே. ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய பின் சைவ நூல்கள் பெருகின. தேவாரப் பதிப்புகளில் பண்ணின் பெயர் இருக்கும். அந்தப் பண்ணை எப்படிப் பாடுவதென்பது ஓதுவாரின் தொண்டையில் இருந்தது. கோயிலுக்குக் கோயில் வெளியான ஊஞ்சற் பாக்களோ பண்ணின் பெயரைக்கூடத் தருவது அரிது. கந்தபுராண படனத்துக்குக் கூடுபவர்கள் விருத்தத்தை எந்த இராகத்தில் இழுக்க வேண்டும் என்று எந்த ஏட்டையும் பார்க்கவில்லை. இன்னும் ஒரு வகையைச் சொல்லாமல் விட்டால் யாழ்ப்பாணத்துப் பாட்டுப் புத்தகக் கணக்கு நிரம்பாது. ஒருவர் இறந்த 31ஆம் நாள் அந்தியேட்டியில் இலவசமாக வழங்கும் நினைவு மலர்தான் அது. சிவபுராணமும் தேவார திருவாசகங்களும் பல வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது கடையில் வாங்கிய நூலால் அன்று, இந்த மலர்களால்.

கூத்து ஏடுகளில் தரு, விருத்தம், கொச்சகம் என்ற வகைப்பெயர்கள் மெட்டுக் குறிப்பாக நின்றன, மெட்டு கூத்துப் பழக்கும் அண்ணாவியாருடையது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்துப் பிரதிகளைப் பதிப்பித்தபோதும் புத்தகத்துக்குள் வந்தவை சொற்களே. இந்தியாவிலிருந்து வந்த நாடகப் பாட்டுப் புத்தகங்கள் இன்னொரு குறுக்குவழியைக் கையாண்டன. ஏற்கெனவே பேர்பெற்ற ஒரு பாட்டின் முதலடியைத் தலையில் போட்டு அதன் வர்ணமெட்டு என்று எழுதிவிடுவார்கள். பின்னால் வந்த சினிமாப் பாட்டுப் புத்தகத்துக்கு அதுவும் தேவைப்படவில்லை. மெட்டுக்கு இசைத்தட்டும் வானொலியும் இருந்தன.

சுரத்தை எழுத்தில் பார்க்கும் தேவை பரீட்சையோடு பரவியது. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை நடத்தியது. அதற்குப் படித்த பிள்ளைகளின் கொப்பிகளில் சரளி வரிசையும் கீதமும் ச, ரி, க, ம என்று ஏறின.

ஆசிரியர் இல்லாமல் மவுத் ஓர்கன் பழகுகிறவர் இவற்றுள் எதை எடுப்பது? சுரம் எழுதிய சங்கீதப் பாடநூலே முதலில் மனதில் வரும். ஆனால் அதன் முதற் பக்கமே அவருக்கு உதவாது. சரளி வரிசை மாயாமாளவகௌளையில் தொடங்குகிறது. அதற்குச் சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் வேண்டும். 10 துளை கொண்ட சாதாரண மவுத் ஓர்கனில் 4ஆம் துளை முதல் 7ஆம் துளை வரை ஊதியும் இழுத்தும் பெறுவது சங்கராபரணத்தின் ஏழு சுரங்கள். கீழ்ப்பகுதியில் மத்திமமும் தைவதமும் இல்லை. மேற்பகுதியில் நிஷாதம் இல்லை. 6ஆம் துளையில் ஊதும் பஞ்சமத்தைச் சட்ஜமாகக் கொண்டால் கிரகபேதத்தால் அரிகாம்போதியின் சுரங்கள் அமையும். காந்தாரத்தைச் சட்ஜமாக்கினால் தோடியின் சுரங்களும் உண்டு. ஆனால் கமகம் இல்லாத தோடியைத் தோடி என்று யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் இரட்டை நாக்கு வைத்து அதிர வைக்கும் வகை வாத்தியத்தில் சுரத்தை வளைப்பதும் கடினம்.

ஆகவே சுரமே எழுதாத பழைய கீர்த்தனைப் புத்தகம் இங்கே பாடநூலைவிட நல்ல வழிகாட்டி. இராகப் பெயரைப் பார்த்தே பாட்டைப் பொறுக்கலாம். சங்கராபரணம், மோகனம் என்று தலைப்பிட்டவை தடையின்றி வரும். நாதநாமக்கிரியையை விட்டுவிட வேண்டும். முகாரியைத் தொட்டால் ஏமாற்றமே மிஞ்சும். மேல்நாட்டு மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகளிற் பல இந்த வாத்தியத்துக்கு இன்னும் இலகுவானவை. அன்று தமிழ்ச் செவிக்கு ஒட்டாதிருந்த அதே மெட்டுகள்! தேவாரத்தில் பண்ணின் பெயர் இருந்தாலும் அதற்கு இன்றைய இராகம் எது என்று முதலில் அறிய வேண்டும். நினைவு மலரும் சினிமாப் பாட்டுப் புத்தகமும் மெட்டை முன்பே நன்றாகக் கேட்டவருக்கே பயன்படும்.

நாட்டார் பாட்டை நாடுகிறவருக்கு வட்டுக்கோட்டை மு. இராமலிங்கம் தொகுத்த நூல்கள் உண்டு. அவற்றிலும் சொற்களே இருப்பதால் பாடத் தெரிந்த ஒரு முதியவர் பக்கத்தில் இருந்தால்தான் பலன். தொடக்கத்துக்கு அவற்றைவிட ஏற்றவை, மானிப்பாயை அடுத்த நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் (1878–1953) சிறுவர் பாட்டுகள். ஆடிப்பிறப்புப் பாட்டும் கத்தரித் தோட்டத்து வெருளியும் பள்ளிக்கூடம் போன யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளில் மிகப் பலருக்கு மனப்பாடம். அடிகள் குறுகியவை, ஓர் அடி முடியும் இடத்தில் மூச்சை மாற்றிக்கொள்ளலாம். மெட்டு காதில் இருப்பதால் துளையைத் தேடுவது ஒன்றே வேலை.