வெண்டிலேட்டரை எடுக்கும் முன்

ஏற்காட்டில் கிளியூர் அருவிப் பக்கம் ஒருவருக்குத் தலையில் பலத்த அடி பட்டால், வெண்டிலேட்டர் வசதிக்குப் பெரும்பாலும் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி சேலத்துக்குத்தான் போக வேண்டும். அவசரத்தில் உடன் போவது ஒரு தம்பியோ மச்சானோ. முடிவெடுக்க வேண்டிய பெரியவர்கள் மலையிலேயே இருப்பார்கள். சில நாள் கழித்து டாக்டர் கையை விரிக்கும்போது அதைக் கேட்டுக்கொள்பவர் ஒருவர், பதில் சொல்ல வேண்டியவர் வேறொருவர்.

இந்தச் சிக்கல் இயந்திரத்தோடு பிறந்தது. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பியோர்ன் இப்சன் என்ற மருத்துவர் நோயாளிகளின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வழியே காற்றைச் செலுத்த வைத்தார். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாகப் பையைக் கையால் அமுக்கினார்கள். கை செய்த வேலையைப் பின்னர் இயந்திரம் ஏற்றது. எப்போது நிறுத்துவது என்ற கேள்வியும் கூடவே வந்தது. 1968இல் ஹார்வர்டு குழு மூளைச்சாவுக்கு வரையறை கொடுத்தது. இந்தியச் சட்டம் 1994இல் அதை ஏற்றது, அதுவும் உறுப்பு மாற்றுக்காக மட்டும்.

அதுவரை மட்டுமல்ல, அதற்குப் பிறகும் நம் குடும்பங்கள் தமக்கென ஒரு வழி வைத்திருந்தன: "மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோயிடறோம்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, ஆம்புலன்ஸில் ஒருவர் மூச்சுக்காற்றைச் செலுத்தும் ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே வர, வீட்டுத் திண்ணையில் குழாயை எடுத்து, வாயில் பால் ஊற்றுவார்கள். மருத்துவமனைப் பதிவேட்டில் இது ‘ஆலோசனைக்கு மாறாக வெளியேறினார்’ என்று ஏறும். இனிச் சிகிச்சையில்லை என்று சொன்னதே மருத்துவமனைதான் என்கிறபோது, பழியை மட்டும் குடும்பத்தின் தலையில் எழுதுவது அநியாயம்.

தமிழ்நாட்டில் மூளைச்சாவு வீட்டுப் பேச்சானது 2008 செப்டம்பரில். விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான பெற்றோர் தானமாகக் கொடுத்தார்கள். 1997இல் சென்னையில் தொடங்கிய மோகன் அறக்கட்டளை, துயரத்தில் இருக்கும் குடும்பத்தோடு பேச ஆட்களைப் பயிற்றுவித்து வந்தது. நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரு சோதனைகள் என்ற நடைமுறையை உறவினருக்கு விளக்குவது அவர்கள் பணியின் ஒரு பகுதி. "மார்பு ஏறி இறங்குதே, உடம்பு சூடா இருக்கே" என்று கேட்கும் தாய்க்கு, அது இயந்திரத்தின் மூச்சு என்று புரியவைக்கச் சொல் மட்டும் போதாது. சோதனையில் வெண்டிலேட்டரைக் கழற்றி, ஆக்ஸிஜன் மட்டும் கொடுத்து, தானாக மார்பு அசைகிறதா என்று பார்ப்பார்கள். அதை உறவினர் ஒருவர் அருகில் நின்று பார்ப்பது நல்லது. ஆனால் உறுப்புக் கேட்கும் பேச்சு இதோடு கலந்தால் சந்தேகம் வரும். இரண்டும் தனித்தனியாக நடக்க வேண்டும். உறுப்பு தராத வீட்டுக்கும் அதே பொறுமையான விளக்கம் கிடைக்க வேண்டும்.

மூளைச்சாவு இல்லாமல், மீளவே வழியில்லாத நிலையில் இருப்பவர்களுக்குச் சட்டம் மெல்லத்தான் வந்தது. மும்பை கேஇஎம் மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2011இல் உச்ச நீதிமன்றம் அவரது வழக்கில் உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்த அனுமதி தரவில்லை. பல்லாண்டு அவருக்குச் சோறூட்டிய செவிலியர்கள் வேண்டாம் என்றதற்கு நீதிமன்றம் மதிப்புக் கொடுத்தது. ஆனால், அதே தீர்ப்பு உயர் நீதிமன்ற அனுமதியோடு மற்றவர்களுக்கு வழி திறந்தது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, முன்கூட்டியே விருப்பம் எழுதி வைக்கும் உரிமையை ஏற்றது. மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்ற கடுமையான நிபந்தனையை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் இரு சாட்சிகளோடு கையெழுத்திட்டால் போதும்.

அந்த ஆவணத்தின் நகலைப் பாதுகாக்க உள்ளாட்சியில் ஓர் அதிகாரி இருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவு. ஏற்காட்டிலும் அவர் யார் என்று மக்களுக்குத் தெரியும்படி அரசு அறிவிக்க வேண்டும். வீட்டில் யார் முடிவெடுப்பது என்பதைக் குடும்பத்தினர் ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.