தமிழ் தெரிய உலாவியைத் திருத்திய காலம்

வீட்டுக் கணினியில் ஒரு தமிழ் இணையப் பக்கத்தைப் படிக்க இன்று எந்த முன்னேற்பாடும் தேவையில்லை. ஆனால் 1990களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம், தமிழ் படிக்க விரும்பியவர் முதலில் தம் உலாவியின் அமைப்புகளை மாற்ற வேண்டியிருந்தது. அந்த மாற்றங்கள் ஏன் தேவைப்பட்டன, எப்படி மறைந்தன, சிவகாசி போன்ற அச்சு நகரங்களில் அவை விட்டுச்சென்ற சிக்கல் என்ன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சிக்கலின் வேர்

கணினி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகவே சேமிக்கிறது. அக்காலக் குறியாக்கங்களில் இதற்கு 256 இடங்கள் மட்டுமே இருந்தன. அவற்றில் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கும் கட்டளைக் குறிகளுக்கும் உரியவை. தமிழின் 247 எழுத்துகளும் எஞ்சிய இடங்களில் அடங்கா. எனவே கொம்பு, கால், கொக்கி போன்ற துண்டுகளைத் தனித்தனியே வைத்து, அவற்றை அடுக்கி எழுத்தாக்கினர்.

எந்த எண்ணில் எந்தத் துண்டு என்பதில் ஒற்றுமை இல்லை. எழுத்துரு செய்தவர்கள் அவரவர் விருப்பப்படி அமைத்தனர். சில எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்தன. பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற வரிசையாகவே சேமிக்கப்படுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திரையில் தெரிவதும் அந்த ஆங்கில எழுத்துகளே.

உலாவியில் செய்த மாற்றங்கள்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பு 1995 ஆகஸ்ட் 15 அன்று பெருநகரங்களில் தொடங்கியது. பின்னர்ப் பிற ஊர்களுக்கும் பரவியது. அக்காலத்தில் வீடுகளில் பெரும்பாலும் தொலைபேசி வழி இணைப்பே இருந்தது. ஒரு தமிழ்த் தளத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது 'எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்' என்ற ஆங்கில அறிவிப்பு. தொலைபேசிக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்க, கோப்பு இறங்கி முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

அதன் பிறகு அமைப்பு மாற்றம். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் 'டூல்ஸ்' பட்டியில் 'இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்' திறந்து, 'ஃபான்ட்ஸ்' பகுதியில் 'யூசர் டிஃபைன்டு' என்பதற்குரிய எழுத்துருவாக இணைமதி போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு 'வியூ' பட்டியில் 'என்கோடிங்' சென்று, அங்கும் 'யூசர் டிஃபைன்டு' என மாற்ற வேண்டும். அடுத்து வேறு எழுத்துருவில் அமைந்த தளத்துக்குப் போனால் இவை அனைத்தையும் மீண்டும் செய்ய வேண்டும். ஒரு தளத்துக்கு ஏற்ற அமைப்பு மற்றொரு தளத்தில் உதவாது.

இத்தொல்லையைத் தவிர்க்க, பக்கத்துடன் எழுத்துருவும் சேர்ந்தே வரும் 'இயங்கு எழுத்துரு' முறையைச் சில இதழ்கள் கையாண்டன. ஆனால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு வகைக் கோப்பும் நெட்ஸ்கேப்புக்கு வேறொரு வகைக் கோப்பும் தேவைப்பட்டன. பின்னர் வந்த ஃபயர்ஃபாக்ஸ் பயனர்கள், பழைய எழுத்துருப் பக்கங்களை மாற்றிக்காட்டும் 'பத்மா' என்ற நீட்சியை நாட வேண்டியதாயிற்று.

பொதுத் தரத்துக்கான முயற்சிகள்

இக்குழப்பத்தைத் தீர்க்கும் பேச்சு 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் 97 மாநாட்டில் வலுப்பெற்றது. உலகெங்கும் உள்ள தமிழர்கள் மடற்குழு வழியே விவாதித்து 'டிஸ்கி' என்னும் தரத்தை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு 'டாம்', 'டாப்' என்ற இரு தரங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. விசைப்பலகை இன்றும் வாழ்கிறது. எழுத்துத் தரத்திலோ குழப்பம் தீரவில்லை. பழைய எழுத்துருக்களுடன் இந்தப் புதிய தரங்களும் சேர்ந்துகொண்டன.

ஒருங்குறியின் வருகை

தீர்வு ஒருங்குறியிலிருந்து வந்தது. 1991இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் கணினிகள் அதைக் காட்டக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. பழைய எழுத்துருவில் 'கொ' என்பது கொம்பு, 'க', கால் எனப் பார்வை வரிசையில் சேமிக்கப்படும். ஒருங்குறியில் 'க' முதலில் வரும். ஒகரக் குறி அதன் பின்னே வரும். கொம்பை முன்னே கொண்டுவந்து நிறுத்துவது இயங்குதளத்தின் வேலை.

விண்டோஸ் 2000 இந்த வசதியுடனும் லதா எழுத்துருவுடனும் வந்தது. விண்டோஸ் எக்ஸ்பியிலும் வசதி உண்டு. ஆனால் அது தானாகச் செயல்படாது. 'கன்ட்ரோல் பேனல்' சென்று, வட்டார, மொழி அமைப்புகளில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கட்டத்தில் குறியிட வேண்டும். உடனே கணினி எக்ஸ்பி குறுந்தகட்டைக் கேட்கும். உதிரிபாகங்களைச் சேர்த்துக் கட்டிய கணினியைக் கடையில் வாங்கிய பல வீடுகளில் அத்தகடு இராது. அவ்வீடுகளில் கொம்புகள் இடம் மாறியே தெரிந்தன. 2007இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் இந்த வேலை இல்லாமல் போயிற்று.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், எ-கலப்பை போன்ற இலவசத் தட்டச்சுக் கருவிகளும் ஒருங்குறியைப் பரப்பின. 2010 ஜூன் 23 நாளிட்ட அரசாணை ஒருங்குறியை ஏற்றது. ஒருங்குறி இயங்காத மென்பொருள்களுக்கு 'டேஸ்16' என்ற தரத்தையும் அது பரிந்துரைத்தது.

சிவகாசியும் பழைய எழுத்துருவும்

சிவகாசியில் 1920களில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. தீப்பெட்டி, பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சிடும் தேவையால் அச்சுத் தொழிலும் உடன் வளர்ந்து, நாட்காட்டி, டைரி என விரிந்தது. கணினி வந்தபின் தமிழ்நாட்டு அச்சகங்களில் பேஜ்மேக்கர் மென்பொருள் நிலைத்தது. 2001இல் வந்த அதன் கடைசிப் பதிப்பும் ஒருங்குறி அறியாதது. ஆகவே இணையம் ஒருங்குறிக்கு மாறிய பின்னும் அச்சகங்களின் பக்க அமைப்பு பழைய எழுத்துருக்களிலேயே தொடர்ந்தது. அலைபேசியில் ஒருங்குறியில் தட்டிய திருமண அழைப்பிதழ் வாசகத்தை அச்சகத்தில் எழுத்துரு மாற்றி மூலம் மாற்ற வேண்டிய நிலை இதனால் ஏற்பட்டதே.

இன்று எஞ்சியிருப்பது

இன்றைய குரோம் உலாவியில் குறியாக்கத்தை மாற்றும் பட்டியே இல்லை. அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பழைய எழுத்துருவில் சேமித்த ஊர் வரலாறுகள், கோயில் மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், வீட்டுக் கடிதங்கள் ஆகியவற்றைத் திறக்கும் வழியும் அத்துடன் சுருங்கிவிட்டது. கோப்பு அழியாமல் இருந்தும் படிக்க முடியாமல் போவது ஓர் இழப்பே.

அத்தகைய கோப்பு கிடைத்தால் மாணவர்கள் முதலில் எந்த எழுத்துருவில் அது அமைந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். எழுத்துருக் கோப்பையும் சேர்த்துச் சேமிக்க வேண்டும். சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றியால் ஒருங்குறிக்கு மாற்றிய பின், ஒகர, ஓகார எழுத்துகளை அச்சுப் படியுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடக் கூடாது. மாற்றத்தில் நேரும் பிழையைத் திருத்த அதுவே சான்று.